பதினாலாம் வீட்டுக் கயிறு

ஞாயிறு, மதியம்

என் ராசாத்திக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் இருந்துகொண்டு உன்னை உதைக்கிற அந்தச் சின்ன ஆளும் நல்லபடி இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைக் கையில் எடுத்தேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். சுகமா என்று கேட்டால் அதற்கு ஒரு வரியில் பதில் இல்லை, அதனால்தான் இத்தனை தாள். கையில் போன் இருக்கும்போது யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் என்னால் பொய்தான் சொல்ல முடிகிறது. போன மாதம் மட்டும் மூன்று தடவை கேட்டாய், டிக்கெட் போட்டாச்சாம்மா என்று. மூன்று தடவையும் முட்டி வலி என்றேன். எனக்கு முட்டியும் வலிக்கவில்லை, மூட்டும் வலிக்கவில்லை, இப்போது ஏணியைச் சாத்தினாலும் கூரை வரைக்கும் மூச்சு வாங்காமல் ஏறுவேன். உன் பிரசவத்துக்கு என்னால் வர முடியாது கண்ணு. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது படி. நடுவில் அழுகை வந்தால் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடி, ஆனால் கடைசிவரை படி, கடைசியில் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

என் வேலை என்னவென்று உனக்குப் பாதிதான் தெரியும். டேப் ஒட்டுகிறேன் என்று சொன்னபோது, பரிசுப் பொட்டலம் கட்டுகிற கடையா என்று உன் மாமியார் கேட்டார்களே, நாம் இரண்டு பேரும் போனை வைத்துவிட்டு எப்படிச் சிரித்தோம். நம் குளிர் ஊருக்கென்று போட்ட இந்த நாற்பது வீட்டுத் திட்டம் வழக்கமான கட்டடம் இல்லையடி. கூரை முழுக்க சோலார் தகடு, படிக்குக் கீழே பேட்டரி, வெளிக்காற்றில் இருக்கிற சூட்டையே உறிஞ்சி உள்ளே கொண்டுவருகிற ஒரு பெட்டி, தடித்த சுவருக்குள் பழைய பேப்பரை அரைத்து அடைத்த பஞ்சு, மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல். சமைப்பதும் கரண்ட்டில்தான். கரி இல்லை, எண்ணெய் இல்லை, சிலிண்டர் இல்லை, புகைபோக்கி என்ற ஒன்றே வீட்டில் கிடையாது. இதெல்லாம் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால் சுவரில் ஊசி நுழைகிற ஓட்டைகூட இருக்கக் கூடாது, இருந்தால் சூடு நழுவிப் போய்விடும். அந்த ஓட்டைகளைத் தேடி அடைக்கிறவள் உன் அம்மா. புறங்கையை நனைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம், குழாய் போகிற இடம், ஒயர் போகிற இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போவேன், எங்கே சில்லென்று படுகிறதோ அங்கே கசிவு. மெஷின் காட்டாததை அக்கா கை காட்டிடும் என்று இன்ஜினியரே நாலு பேர் முன்னால் சொல்வார். எனக்குத் தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும், சொல்.

ஓட்டையே இல்லாத வீட்டில் மனிதன் எப்படி மூச்சு விடுவான் என்று அப்பா முதல் நாளே கேட்டார். அதற்கென்று நாங்களே கணக்காக வைத்த துவாரங்கள் இருக்கின்றன, வீட்டுக்குப் பதினொன்று. ஒரு சின்ன விசிறி நிற்காமல் ஓடி, கெட்ட காற்றை வெளியே தள்ளி, நல்ல காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். கரண்ட் அடியோடு போய்விட்டால் அந்த விசிறியும் நின்றுவிடும் இல்லையா, அதற்காக அந்தப் பதினொன்றில் ஒன்றைப் பின்பக்கப் படுக்கையறையில் உயரத்தில் வைத்து, அதன் மூடியில் ஒரு கயிறு தொங்கவிட்டிருப்போம். இழுத்தால் மூடி திறக்கும், காற்று தானாக வரும். வீடு முடிந்ததும் ஒரு பரீட்சை உண்டு. அதற்கு ஒருவர் வருவார், காத்தாடிக்காரர் என்றுதான் அவருக்குப் பெயர், சிரித்தால் பல் கொட்டிவிடும் என்று நினைக்கிற ஆள். வாசல் கதவில் பெரிய காத்தாடியை மாட்டி, வீட்டுக் காற்றை உறிஞ்சி, எவ்வளவு கசிகிறது என்று ஒரு எண் சொல்வார். எண் குறையக் குறைய நல்ல வீடு. இந்தப் பரீட்சைக்காக மட்டும் பதினொரு துவாரத்தையும் நான் வெளிப்பக்கமிருந்து நீல டேப் போட்டு மூட வேண்டும், முடிந்ததும் உரித்துவிட வேண்டும். உரித்ததைக் கண்ட இடத்தில் எறியாமல் சாமான் கொட்டகைக் கதவில் ஒட்டிவிடுவோம். கதவில் பதினொன்று இருந்தால் வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். அடுத்த வீட்டுப் பரீட்சைக்கு முன்னால் கதவைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிடுவேன். எண்ணிச் சொல்வது நான், நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது மேஸ்திரி. இந்தக் கதவு யோசனையைச் சொன்னதும் நான்தான். அதற்காக ஒரு தடவை எனக்குக் கைதட்டினார்கள்.

பதிமூன்றாம் வீட்டுக்கு என்ன எண் வந்தது தெரியுமா, 0.3. 0.6 வந்தாலே பாஸ். காத்தாடிக்காரர் மெஷினை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, மறுபடி ஓட்டி, அப்போதும் 0.3 வந்ததும், என் கையிலிருந்த டேப் துண்டை வாங்கி அதில் அந்த எண்ணை எழுதி, இதைப் பத்திரமா வச்சுக்கம்மா, என் சர்வீஸ்ல இப்படி ஒரு வீட்டைப் பார்த்ததில்ல என்று கொடுத்தார். அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை. நான் அதைக் கொட்டகைக் கதவின் உச்சியில் ஒட்டினேன். மறுவாரம் பதினாலாம் வீட்டுக்காகக் கதவைச் சுரண்டும்போது அதை மட்டும் சுரண்டவில்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கட்டுமே என்று ஒரு ஆசை. பதினாலாம் வீட்டுப் பரீட்சை முடிந்து நான் சுற்றிச் சுற்றி உரித்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பின்சுவரில், மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் ஒன்று பாக்கி. பூச்சுக்காரர்கள் ஏணியைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள், நானும் இறங்கி நகர்ந்துவிட்டேன். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கொட்டகைக்கு ஓடிவந்து கதவில் ஒட்டி எண்ணினேன், மூன்று வரிசை ஒன்பது, மேலே இரண்டு, பதினொண்ணு மேஸ்திரி என்றேன். மேஸ்திரி ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டார். மேலே இருந்த அந்த இரண்டில் ஒன்று, ராசாத்தி, 0.3.

அந்த வீட்டுக்கு வந்தவர்கள் மூன்று பேர். அவர் வெல்டர், அவள் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள், ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அதற்கு முன்னால் ஆற்றோரத் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். குடியேறுகிற அன்றைக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவதும் என் வேலைதான், பெண்களுக்குப் பெண் சொன்னால் புரியும் என்று என்னை விடுவார்கள். இது விசிறி, இதை அணைக்காதே, இது பேட்டரி, இதைத் தொடாதே என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். பின் அறைக்குப் போய்க் கயிற்றை இழுத்துக் காட்டினேன். மூடி டக்கென்று திறந்தது. எப்பவாவது கரண்ட் அடியோட போச்சுன்னா இதை இழு, காத்துக்குக் குறையே இருக்காது என்று சொன்னேன். குழந்தைகூட எக்கி எக்கி இழுத்துப் பார்த்துச் சிரித்தது. ஊரில் உள்ள சுவரையெல்லாம் புறங்கையை நனைத்துத் தடவுகிறவள், அன்றைக்கு அந்தத் துவாரத்தில் கையை வைத்துப் பார்க்கவில்லை. மூடி திறந்தால் காற்று வந்ததாகத்தானே அர்த்தம் என்று இருந்துவிட்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விளக்கப் புத்தகத்தில் உள்ளே நெருப்பு மூட்டக் கூடாது என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதை நான் வாசிக்காமல் புரட்டிவிட்டேன். இந்த வீட்டில் எரிப்பதற்கே ஒன்றும் இல்லையே, இதை எதற்கு வாசித்து நேரத்தைக் கடத்துவது என்று நினைத்தேன்.

எட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தார்கள். அந்தக் குழந்தையின் இருமல் நின்றுவிட்டது என்று அவள் தெருவில் என்னை நிறுத்திச் சொன்னாள். ஆறு வாரத்துக்கு முன்னால் அடித்ததே ஒரு புயல், போனில் சொன்னேனே, அதில் இரண்டு நாள் ஊருக்கே கரண்ட் இல்லை. வெயிலும் இல்லாததால் இரண்டாம் நாள் காலையில் பேட்டரியும் காலி. வீடு அப்போதும் சில்லென்று ஆகவில்லை, எங்கள் சுவர் அப்படி விட்டுக்கொடுக்காது. ஆனால் அந்த வெல்டருக்குக் காய்ச்சல். குளிர் வீட்டில் இல்லை, அவர் உடம்புக்குள் இருந்தது. இரண்டு கம்பளி போர்த்தியும் பல் அடித்துக்கொண்டது. அவள் என்ன செய்வாள், பழைய வீட்டிலிருந்து தூக்கிவந்த கரி அடுப்பு மாடிப்படிக்கு அடியில் கிடந்தது, அதை மூட்டிப் பின் அறையில் வைத்தாள். நான் சொன்னதை மறக்காமல் கயிற்றை இழுத்து மூடியைத் திறந்தாள். சூடு வெளியே போகாமல் இருக்கக் கதவைச் சாத்திவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்து வாங்கப் போனாள். மரம் விழுந்து தெரு அடைத்திருந்ததால் சுற்றிப் போய் வர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. வரும்போது மதியம் ஒரு மணி. அவர் தூங்குகிற மாதிரியே கிடந்திருக்கிறார், கரிப்புகையின் விஷம் மூச்சை நிறுத்திவிட்டிருந்தது. தகரக் கொட்டகையில் அதே அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து வருடம் தூங்கினவர்கள். அங்கே நூறு ஓட்டை. அந்த ஓட்டைகள்தான் அவர்களை உயிரோடு வைத்திருந்தன என்று யாருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அவளை, கதவைச் சாத்தியே புருஷனைக் கொன்றவள் என்றார்கள். நெருப்பை வச்சுட்டுக் கதவைச் சாத்திட்டுப் போனவளாம் என்று தண்ணீர் லாரி வரிசையில், பஸ்ஸில், என் காதுபடவே பேசினார்கள். போலீஸ் அவள்மேல் கேஸ் எழுதியது. புருஷனின் அண்ணன்மார் வந்து, குழந்தையை இவகிட்ட விட்டா அதுவும் மிஞ்சாது என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் யாரிடம் பார்த்தாலும் ஒன்றையே சொன்னாள், நான் கயிறை இழுத்தேங்க, அந்தம்மா சொன்ன மாதிரியே இழுத்தேங்க என்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த அம்மா நான்தானே. கயிற்றை இழுத்திருந்தால் இவ்வளவு கெட்டுப் போயிருக்காதே, ஒருவேளை இழுக்காமலே சொல்கிறாளோ என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். நினைத்தேன் என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

நாலாம் நாள் வேலைக்குப் போனபோது கொட்டகைக் கதவைத் திறக்கக் கை வைத்தேன். பதினாலாம் வீட்டோடு முதல் கட்டம் முடிந்து, அப்புறம் பரீட்சையே நடக்காததால், அன்றைக்கு ஒட்டினது அப்படியே இருந்தது. ஏதோ பழக்கத்தில் எண்ணினேன். பதினொன்று. அப்புறம்தான் உச்சியில் இருந்த அந்த எண் கண்ணில் பட்டது. ஏணியைத் தூக்கிக்கொண்டு பதினாலாம் வீட்டுப் பின்பக்கம் ஓடினேன். குழாய்க்குப் பின்னால், கயிறு தொங்குகிற அதே துவாரத்தின் மேல், நீலம் வெளுத்துச் சாம்பலாகிப்போய், ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. நான் ஒட்டினால் அப்படித்தான், ஒரு மூலைகூடப் பிரியாது. ஒரு முனையை நகத்தால் கிளப்பினேன். உரித்துச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது. உரிக்கவில்லை. கிளப்பின முனையைத் திரும்ப அழுத்தி ஒட்டிவிட்டு இறங்கினேன். கொட்டகைக் கதவிலிருந்து அந்த 0.3 துண்டை மட்டும் உரித்து மடித்து வைத்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது தெரியாது, அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். கெட்டவர் இல்லை அவர், உனக்கே தெரியும், உன் கல்யாணத்துக்கு வந்து நாள் முழுக்க நாற்காலி தூக்கிப் போட்டவர். அன்றைக்கு அவர் முகம் செத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. அக்கா, எண்ணிச் சொன்னது நீங்க, கையெழுத்து என்னுது, ரெண்டு பேரும் உள்ள போவோம், அது போகட்டும், இன்னும் இருபத்தாறு வீடு பாக்கி, இந்த வீடெல்லாம் சவப்பெட்டின்னு ஏற்கெனவே ஒருத்தன் பாக்கியில்லாமப் பேசிக்கிட்டிருக்கான், இது வெளிய வந்தா திட்டத்தையே இழுத்து மூடிடுவாங்க, அந்த இருபத்தாறு குடும்பமும் தகரத்துக்குள்ளயே கரிப் புகையைக் குடிச்சுச் சாகட்டுமா என்று கேட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லையே. அந்த இருபத்தாறில் பத்தொன்பதாம் நம்பர் நமக்கு ஒதுக்கின வீடு என்பதையும் அவர் ஞாபகப்படுத்தவில்லை, எனக்கே ஞாபகம் வந்தது. இந்த ஈரச் சுவர் வீட்டில் அப்பாவுக்கு இழுப்பு எப்படி இருக்கிறது என்று நீ போனில் கேட்டிருக்கிறாய், நேரில் பார்த்தால் தாங்க மாட்டாய். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டே, போனவன் போயிட்டான், இருக்கிறவன் மூச்சைப் பாரு என்றார். நானும் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்று முழு நாள். அந்த மூன்று நாளும் அவள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கயிறை இழுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அந்தக் குழந்தையைப் பார்த்தேன். பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, மேலே கையைத் தூக்கிக் கயிறு இழுப்பது போல் இழுத்துக் காட்டிச் சிரித்தது. வந்து நின்ற பஸ்ஸில் நான் ஏறவில்லை. நேராக விசாரணை அதிகாரி ஆபீசுக்கு நடந்தே போனேன்.

மறுநாள் காலை அதிகாரியைக் கூட்டிக்கொண்டு போனால் டேப்பைக் காணவில்லை. கொட்டகைக் கதவையும் பெயிண்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைத்திருந்தார்கள், பளபளவென்று புதுக் கதவு மாதிரி நின்றது. மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏம்மா, புருஷன் செத்தவ மேல பரிதாபப்பட்டு நீயே கதை கட்டுறியா என்று அதிகாரி கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதிகாரி என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார். சார், ஏணியில ஏறிப் பாருங்க என்றேன். எட்டு மாத வெயிலும் வேலைப் புழுதியும் பட்டு அந்தச் சுவர் பழுப்பேறிக் கிடக்கிறது. துவாரத்தைச் சுற்றி மட்டும் நாலு விளிம்பும் நேராக ஒரு சதுரம், நேற்றுப் பூசின மாதிரி வெள்ளை. டேப்பை உரிக்கலாம், எட்டு மாத வெயிலை எங்கே போய் உரிப்பது. அதிகாரி என்னிடமிருந்த டேப் சுருளை வாங்கி வைத்துப் பார்த்தார், அகலம் அச்சாகப் பொருந்தியது. மடித்து வைத்திருந்த 0.3 துண்டையும் எடுத்துக் கொடுத்தேன். எழுதிக்கொண்டார்கள், படம் எடுத்தார்கள். இன்ஜினியர் வந்து, அவ்வளவு கரிக்கு அந்தத் துவாரம் திறந்திருந்தாலும் போதுமானதாக இருந்திருக்குமா என்று சொல்ல முடியாது என்றார். இருக்கலாம். பிழைத்திருப்பாரோ மாட்டாரோ, அது இனிமேல் யாருக்கும் தெரியாது. அதுதான் என்னைத் தின்கிறது. தெரிந்துவிட்டால்கூட ஒரு பக்கமாக அழுதுவிடலாம்.

இப்போது நிலைமை இது. என்னையும் மேஸ்திரியையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், இரண்டு பேர் மேலும் கேஸ். முடிகிறவரை ஊரைத் தாண்டக் கூடாது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நீ கேட்ட டிக்கெட் கதை இதுதான். ஜெயில் என்றால் ஜெயில், வக்கீல் அவ்வளவு தூரம் போகாது என்கிறார், வக்கீல் சொல்வதை எவ்வளவு நம்புவது என்று உனக்கே தெரியும். வேலை நடந்த இடத்தில் ஒரு ஆள் இல்லை, சுவர் பாதியில் நிற்கிறது, பஞ்சு மூட்டைகள் மழையில் நனைகின்றன. எல்லா வீட்டையும் திரும்பப் பரிசோதித்த பிறகுதான் மற்றது என்று சொல்லிவிட்டார்கள். பத்தொன்பதாம் நம்பரிலிருந்து நம் பெயரை அடித்துவிட்டார்கள். தெருவில் முன்னால் அவளைப் பேசின அதே வாய்கள் இப்போது என்னைப் பேசுகின்றன, அதே தண்ணீர் வரிசையில்தான். மேஸ்திரி சம்சாரம் என்னைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறாள். அப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு விசாரணைக்கும் இன்ஹேலரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூடவே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், கூப்பிட்டால்தான் வர மாட்டார், கூப்பிடாமல் வந்துவிடுவார், அந்த மனுஷன் என்றைக்கு நேராகக் காட்டினார். நீ போன் பண்ணும்போது எனக்காக அவரிடம் சண்டைக்குப் போகாதே.

நேற்று அவளைப் பார்க்கப் போனேன். போகாதீங்க, அடிச்சாலும் அடிப்பா என்று வக்கீல் தடுத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அந்தப் பதினாலாம் வீட்டில்தான் இருக்கிறாள், வேறு எங்கே போவாள். இந்தக் குளிரில் எல்லா ஜன்னலையும் எல்லாக் கதவையும் திறந்து போட்டு, நடுக் கூடத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கதவு, மழை, ஏணி, பதினொன்று, நான் கை வைத்துப் பார்க்காதது, நான் புரட்டிவிட்ட பக்கம், மூன்று நாள் வாயை மூடியிருந்தது, ஒன்றுவிடாமல். அவள் கத்தவில்லை, திட்டவில்லை. அப்புறம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அப்ப நான் இழுத்தது சரிதானா என்று. சரிதாம்மா, நீ செஞ்சது சரிதான், நான்தான் தப்பு என்றேன். அதற்கப்புறம்தான் அவள் அழுதாள், இத்தனை நாளில் இப்போதுதான் அழுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். உள்ளே வாருங்கள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் போகவில்லை. அவள்மேல் இருந்த கேஸை எடுத்துவிட்டதாகக் காகிதம் வந்துவிட்டது, ஆனால் குழந்தையை இன்னும் அவர்கள் அனுப்பவில்லை, யோசிக்க வேண்டும் என்கிறார்களாம். என்னத்தை யோசிக்கிறார்களோ. நாளைக்கு அங்கே போய் அவர்கள் வாசலிலும் நின்று சொல்லிவிட்டு வரப் போகிறேன். எத்தனை வாசல் என்றாலும் நின்று சொல்லத்தான் வேண்டும், அதைத் தவிர எனக்கு இப்போது வேறு வேலையும் இல்லை.

நீ இதைப் படித்துவிட்டு உடனே வருகிறேன் என்று கிளம்பாதே, ஏழு மாத வயிற்றோடு நீ விமானம் ஏறினால் நானே உன்னைத் திருப்பி அனுப்புவேன். உன் லென்ஸ் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்க்காமல் நாற்காலி கேட்டு வாங்கு, கூச்சப்படாதே. உன் மாமியாரை வரச் சொல், பரிசுப் பொட்டலம் என்று சொன்னாலும் கைப்பிள்ளை பார்க்கத் தெரிந்தவர்கள். அம்மா வரவில்லையே என்று அழு, கொஞ்சம் அழு, அது நியாயம். என்னைக் கோபித்துக்கொள்ளவும் செய், அதுவும் நியாயம். ஆனால் அம்மா செய்தது சரியா தப்பா என்று போனில் கேட்காதே, எனக்குப் பதில் தெரியாது.

நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப் போகிற பிள்ளையும் நூறு வயது நிறைந்த மூச்சோடு நன்றாக இருக்க வேண்டும், நான் யாரிடம் கேட்டு என்ன, கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். நோய் நொடி இல்லாமல் குழந்தை உன் கைக்கு வரட்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், வாயால் சொல்லவில்லை, இருட்டினதும் நான் எழுதுகிற மேஜைக்கு விளக்கை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

இனி உன் வேலை. உங்கள் பதினொன்றாம் மாடி வீடு காற்றே புகாத வீடு, ஜன்னலைச் சாத்தினால் தெருச் சத்தம்கூடக் கேட்காது என்று பெருமையாகச் சொன்னாயே. அதற்கும் எங்காவது காற்றுத் துவாரம் இருக்கும், குளியலறையில், சமையலறையில், குழந்தைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறாயே அந்த அறையில். இந்தக் கடைசித் தாளை எழுதாமல் பாதி வெறுமையாக விட்டிருக்கிறேன், மெல்லிய தாளாகத் தேடி வாங்கினேன். அதைக் கிழித்து மாப்பிள்ளையிடம் கொடு, நீ நாற்காலியில் ஏறாதே. ஒவ்வொரு துவாரத்திலும் பிடித்துப் பார்க்கச் சொல். தாள் ஒட்டிக்கொண்டால் காற்றை இழுக்கிறது, படபடத்தால் காற்று வருகிறது. சும்மா விழுந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுப் பிரித்துப் பார்க்கச் சொல். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டோம் என்று கட்டினவர்கள் சொல்வார்கள். யார் சொன்னாலும் நம்பாதே, நானே சொன்னாலும் நம்பாதே. தாளைப் பிடித்துப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா